மாட்டினிக்குப் போன கூட்டம் எங்கே?

"ஏன் அத்தை, இந்தப் படம் போன வெள்ளிக்கிழமைதானே ரிலீஸ் ஆச்சு? ஒரு மாசம் பொறுத்தீங்கன்னா வீட்டு டி.வி.க்கே வந்துடும். அதுக்குள்ள எதுக்குத் தண்டச் செலவு?"

என் மருமகள் கணக்கில் புலி. விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். நாலு பேருக்கு டிக்கெட், ஒவ்வொன்றும் 190 ரூபாய். போனில் பதிவு செய்தால் அதற்குத் தனிக் கட்டணம். ஆட்டோவுக்குப் போகவர 300 ரூபாய். இடைவேளையில் பேரன் பாப்கார்ன் பக்கம் கையை நீட்டினால்... "வேண்டாம்மா, அதை மட்டும் கணக்குல சேர்க்காதே. எனக்கு மயக்கமே வந்துடும்" என்றேன்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பணத்தில் பத்து நாள் காய்கறி வாங்கலாம். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "படம் வீட்டுக்கு வந்துடும், சரி. நாம எப்போ வீட்டை விட்டு வெளியே போறது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான்தான் அன்று முழுக்க அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்புச் சகோதரிகளே, உங்களிடமும் அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

பதினொரு பேர், ஒரு முறுக்குப் பொட்டலம்

1982-ல் கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு புதன்கிழமை பகலில் என் மாமியார் அடுப்பங்கரைக்குள் வந்து, "ரசத்தை இறக்கிட்டுச் சீக்கிரம் சேலையை மாத்தும்மா. மாட்டினிக்குப் போறோம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியார் சினிமாவுக்குக் கூப்பிடுவதாக எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை!

வாசலுக்கு வந்து பார்த்தால் தெருவே திரண்டு நின்றது. எதிர்வீட்டு அத்தை, மாடிவீட்டுப் பெரியம்மா, கோடிவீட்டு அக்கா என்று மொத்தம் பதினொரு பேர். மூன்றாவது வீட்டு டீச்சர் மட்டும் பள்ளிக்கூடம் லீவு விட்டால்தான் சேர்ந்துகொள்வார். ஒரு கூஜாவில் தண்ணீர், ஒரு பொட்டலம் முறுக்கு, இடுப்பில் ஒரு குழந்தை. பேச்சும் சிரிப்புமாக நடந்தே போவோம்.

மதுரையில் அப்போது தியேட்டருக்கா பஞ்சம்! தங்கம் தியேட்டர் இருந்தது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறந்த கொட்டகை. ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமை பேசும். சிந்தாமணி தியேட்டர் இருந்தது. 1937-ல் வந்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் கட்டியதாம், படத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். எந்தத் தியேட்டருக்குப் போனாலும் பெண்களுக்குத் தனி டிக்கெட் வரிசை. பத்திரிகை விளம்பரத்திலும் சுவரொட்டியிலும் 'தாய்மார்களின் பேராதரவுடன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தத் தாய்மார்கள் வேறு யாருமில்லை, நாங்கள்தான்!

அந்த வருஷம் வந்த 'வாழ்வே மாயம்' படத்துக்கு நாங்கள் அழுத அழுகையில் முந்தானை நனைந்தது. 1986-ல் 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தபோது, மாமியாரும் மருமகளுமாக உட்கார்ந்து, எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் விழித்தோம்.

இதையெல்லாம் சினிமா ஆசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த நாளில் ஒரு பெண் காரணம் சொல்லாமல் வெளியே கிளம்ப முடியுமா? கோயில், அதை விட்டால் ஆஸ்பத்திரி, அதையும் விட்டால் மாட்டினி. "எங்கே போறே?" என்று என் மாமனார் கேட்கமாட்டார். தன் மனைவியே தலைமை தாங்கிப் போகும்போது அவர் என்ன கேட்பார்!

இன்னொன்றும் உண்டு. கிளம்பும்போது மாமியார் தலைகளை எண்ணுவார். ஒரு நாள் கோடிவீட்டு அக்காவைக் காணவில்லை. போய்க் கதவைத் தட்டினால், காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தார். மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு வருவதற்குள் படத்துக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்கு யாருக்கும் மாட்டினி இல்லை.

பெட்டி வந்தது, படி தாண்டுவது குறைந்தது

சென்னையில் டெலிவிஷன் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதியே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு தமிழ்ப் படம் என்று என் தங்கை சென்னையிலிருந்து எழுதுவாள். படிக்கும்போது பொறாமையாக இருக்கும். எங்கள் பக்கம் அது வந்துசேர மேலும் பல வருஷங்களாயின. 1987-ல் ராமாயணம் தொடர் ஆரம்பித்தபோது தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டிகள்தான். இந்தியில் ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் ஞாயிறு காலையில் குளித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு மாடிவீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுவோம். அதுவரைக்கும் டி.வி. எங்களைப் பிரிக்கவில்லை. கூடத்தில் ஒரு குட்டித் தியேட்டர், அவ்வளவுதான்.

நடுவில் 'டெக்' வந்தது. கல்யாண வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். திருட்டு வீடியோ தலைவலி பெரிதாகி, 1984-ல் மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்தித் தண்டனையைக் கடுமையாக்க வேண்டியதாயிற்று.

1993-ல் சன் டி.வி. தொடங்கியது. கேபிள்காரர் மாடிக்கு மாடி ஒயர் இழுத்தார். வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. 1999-ல் 'சித்தி', 2002-ல் 'மெட்டி ஒலி' என்று தொடர்கள் வரிசை கட்டின. தியேட்டரில் இரண்டரை மணி நேரம் அழுத நாங்கள், வீட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் அழ ஆரம்பித்தோம். 2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. குடிசை வீட்டிலும் பெட்டி பேசிற்று.

புதன்கிழமைக் கூட்டம் எப்போது கலைந்தது என்று யாரும் நாள் குறித்து வைக்கவில்லை. பதினொன்று எட்டானது, எட்டு நான்கானது. பிறகு, "எப்படியும் தீபாவளிக்கு டி.வி.யில போட்டுடுவான், விடு" என்று யாரோ சொன்னார்கள். அத்தோடு சரி. தங்கம் தியேட்டரும் சிந்தாமணியும் இருந்த இடங்களில் இன்று ஜவுளிக்கடைகள். சேலை எடுக்கப் போகிறபோதெல்லாம், 'இங்கேதானே அந்தப் பெரிய திரை இருந்தது' என்று மனசு சுற்றுமுற்றும் தேடும்.

யாரைக் குற்றம் சொல்வது?

பழியை டி.வி. மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. தியேட்டர்காரர்களும் எங்களைத் தக்கவைத்துக்கொள்ள மெனக்கெடவில்லை. கிழிந்த சீட், ஓடாத மின்விசிறி, மூட்டைப்பூச்சி. கழிப்பறையை நினைத்தாலே பயந்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்பிய பெண்கள் எத்தனையோ பேர்! வீட்டிலேயே படம் கிடைக்கிறபோது அந்தக் கஷ்டத்தை யார் படுவார்கள்?

தாய்மார்கள் நின்றதும் படங்களின் போக்கும் மாறிற்று. முதல் மூன்று நாளில் ஓடி வருகிற இளவட்டங்களுக்காக வெட்டும் குத்தும் கூடின. அதைப் பார்த்து மிச்சமிருந்த பெண்களும் நின்றார்கள். ஒன்றை ஒன்று துரத்திய கதைதான். பிறகு வந்த அடுக்குமாடி வணிக வளாகத் தியேட்டர்களில் குளிர்சாதனம் உண்டு, சுத்தமான கழிப்பறை உண்டு. ஆனால் டிக்கெட் விலை நடுத்தரக் குடும்பத்தின் மாதக் கணக்கில் இடிக்கிறது.

பணம் வரும் வழியும் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் படம் எடுத்தவர் போட்ட பணத்தைத் தியேட்டர் டிக்கெட்டில்தான் எடுக்கவேண்டும். அதனால் ஒரு படம் நூறு நாள், இருநூறு நாள் என்று நிதானமாக ஓடும். இப்போது டி.வி. உரிமை, இணைய உரிமை என்று பெரிய தொகை தனியாக வருகிறது. அதை வாங்கியவர்கள் சீக்கிரம் வீட்டில் காட்டத்தானே விரும்புவார்கள்? அதனால்தான் பல தமிழ்ப் படங்கள் நான்கைந்து வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. எட்டு வாரமாவது இடைவெளி வேண்டும் என்று தியேட்டர்காரர்கள் கேட்டு வருகிறார்கள்.

2013-ல் 'விஸ்வரூபம்' படத்தை நேராக வீட்டு டிஷ்ஷில் காட்டலாம் என்று கமல்ஹாசன் முயன்றபோது எவ்வளவு பெரிய எதிர்ப்பு எழுந்தது, நினைவிருக்கிறதா? ஏழே வருஷத்தில் காலம் தலைகீழாயிற்று. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய தியேட்டர்கள் நவம்பரில்தான் திறந்தன. அதற்குள் மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டரையே பார்க்காமல் வீட்டுக்கு வந்தது. நவம்பரில் 'சூரரைப் போற்று' வந்தது. அடுத்த 2021 பொங்கலுக்கு 'மாஸ்டர்' தியேட்டருக்கு வந்து, பதினாறே நாளில் வீட்டுக்கும் வந்துவிட்டது.

வீட்டு சினிமாவின் நல்ல முகம்

என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு சினிமாவால் விளைந்த நன்மையையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளை பெற்ற என் மருமகள் மூன்று மாதம் அறைக்குள் இருந்தபோது அவளுக்குத் துணை அந்தச் சின்னத் திரைதான். எதிர்வீட்டு அத்தைக்குக் காது மந்தம். கீழே எழுத்து ஓடுவதால், பல வருஷத்துக்குப் பிறகு வசனம் முழுக்கப் புரிந்து பார்க்கிறார். நின்று நின்று பார்க்கலாம். பிடிக்காத காட்சியைத் தாண்டிவிடலாம். மலையாளம், வங்காளம் என்று நாம் எட்டிக்கூடப் பார்க்காத படங்களெல்லாம் கூடத்துக்கு வருகின்றன. படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கு இது ஒரு ஜன்னல். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்த ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வாசல் கதவைச் சாத்திக்கொண்டோமே! அதனால் வந்த வினையையும் சொல்லிவிடுகிறேன்.

கோடிவீட்டில் கேட்ட சத்தம்

கோடிவீட்டு அக்கா, அதே காய்ச்சல்கார அக்காதான், கணவர் போனபிறகு தனியாக இருந்தார். பிள்ளைகள் வெளியூரில். 2022 ஆகஸ்டில் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மறுநாள் பத்து மணிவரை வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்ததைப் பார்த்துத்தான் கதவை உடைத்தோம்.

பதின்மூன்று மணி நேரம்! அந்த நேரமெல்லாம் அவர் வீட்டு டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துவீட்டில் கேட்டோம், மாடிவீட்டில் கேட்டோம். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "டி.வி. சத்தம் கேட்டுச்சே, நல்லாத்தான் இருக்காங்கன்னு நெனைச்சோம்." நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னார்: "ஒரு நாடகம் முடிஞ்சு அடுத்த நாடகம் ஆரம்பிச்சுது. அதுவும் முடிஞ்சுது. எல்லாம் என் காதுல விழுந்துச்சு. நான் கூப்பிட்டதுதான் யார் காதுலயும் விழலை."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தலை எண்ணுகிற வழக்கம் எங்கள் தெருவில் எப்போது நின்றது?

மாமியார் மறுபடி படி இறங்கினார்

என் மாமியாருக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. 2009-ல் மாமனார் காலமானபிறகு கோயிலைத் தவிர வேறெங்கும் போனதில்லை. காலை பத்து மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தால் ராத்திரி வரைக்கும் அதே நாற்காலி. முழங்கால் பிடித்துக்கொள்ளும். கால் வீங்கும். "எங்கேயாவது போயிட்டு வரலாம் அத்தை" என்றால், "எல்லாம்தான் பெட்டியில வருதே" என்பார்.

அந்த செப்டம்பர் 30-ஆம் தேதி 'பொன்னியின் செல்வன்' வெளியானது. கல்கி இதழில் தொடராக வந்ததைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள் மாமியாரின் பீரோவில் இன்றும் இருக்கின்றன. அவருக்குத் தாய்வீட்டுச் சீர் மாதிரி அவை. "ஒரு மாசத்துல டி.வி.யில வந்துடும்" என்றான் என் மகன். மாமியார் சற்று யோசித்துவிட்டு, "அதுவரைக்கும் நான் இருக்கணுமே. டிக்கெட் போடு" என்றார்!

நானே தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஏழு பேர் தேறினோம். நகரும் படிக்கட்டைப் பார்த்து மாமியார் மிரண்டார், லிப்டில் ஏற்றிப் போனோம். உள்ளே போய்ப் பார்த்தால், எங்களைப்போல எத்தனை நரைத்த தலைகள்! வரிசைக்கு ஒரு பாட்டி! இடைவேளையில் முன்பின் தெரியாத ஒரு பாட்டியும் என் மாமியாரும், கதையில் எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று சண்டைபோடாத குறையாக வாதாடினார்கள். வீடு திரும்பி, "பாதிக் கதையை விட்டுட்டாங்களே" என்று குறைபட்டுக்கொண்டே வழக்கத்துக்கு மேல் இரண்டு தோசை சாப்பிட்டார். அன்றிரவு அவருக்கு நல்ல தூக்கம்.

அதிலிருந்து எங்களுக்கு ஓர் ஏற்பாடு. மாதத்தின் முதல் புதன்கிழமை தியேட்டர். பெரிய வணிக வளாகம் வேண்டாம், விலை குறைந்த பழைய தியேட்டர் போதும். வாரநாள் பகல் காட்சியில் கூட்டமும் இராது. மூன்றாவது புதன்கிழமை டீச்சர் வீட்டுக் கூடத்தில் எல்லோருமாக ஒரு டி.வி. படம். வாக்கர் பிடித்து நடக்கிற கோடிவீட்டு அக்காவுக்காகவே அந்த நாள். கிளம்புமுன் தலை எண்ணுவது என் வேலை. வராதவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் படம் தொடங்குவதில்லை.

உடம்பையும் கொஞ்சம் கவனியுங்கள்

வீட்டில் பார்ப்பவர்களுக்கு: ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காராதீர்கள். விளம்பரம் வந்தால் எழுந்து நாலு நடை நடந்து வாருங்கள். விளம்பரமே இல்லாத படமென்றால் அரை மணிக்கு ஒரு தரம் நீங்களே நிறுத்துங்கள்.

திரையையே பார்த்திருந்தால் நாம் கண் சிமிட்டுவது குறைந்து, கண் உலரும், எரியும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை 20 விநாடி பாருங்கள்.

தட்டை வைத்துக்கொண்டு படம் பார்க்காதீர்கள். எவ்வளவு சாப்பிட்டோம் என்று வயிறு சொல்வது காதில் விழாது. அடுத்த பகுதி தானாகவே ஓடுகிற வசதியை நிறுத்தி வையுங்கள். பத்து மணிக்குப் படுக்க வேண்டியவர்களை ஒரு மணி வரை விழிக்கவைப்பது அதுதான்.

குழந்தைகளுக்கு: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியிருக்கிறது. சோறு ஊட்டுவதற்காகச் செல்போனைக் கையில் கொடுக்கும் பாட்டிமார்களே, நமக்கும் சேர்த்துத்தான் இந்த வார்த்தை!

தியேட்டருக்குப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு: விளக்கு அணைவதற்கு முன்பே போய் உட்காரவையுங்கள். வயதானால் கண் இருட்டுக்குப் பழக நேரம் பிடிக்கும், படிக்கட்டில் தடுக்கிவிழ அதுவே காரணமாகும். நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். குளிருக்கு ஒரு சால்வை. கைக்குழந்தையைக் கூட்டிப் போகாதிருப்பது நல்லது. அந்தச் சத்தத்தைப் பிஞ்சுக் காது தாங்காது.

தனியாக இருப்பவர்கள் பக்கத்தில் இருந்தால், டி.வி. சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு குரல் கொடுங்கள். பதில் வருகிறதா பாருங்கள்.

என் மருமகள் கதைக்கு வருகிறேன். இதையெல்லாம் எழுதி முடித்து அவளிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த முதல் புதன்கிழமை நான் ஆபீசுக்கு லீவு போடறேன் அத்தை. எனக்கும் ஒரு டிக்கெட். ஆனா பாப்கார்ன் மட்டும் கிடையாது" என்றாள்.

சரி என்றேன். வெளித் தின்பண்டத்தைத் தியேட்டருக்குள் விடமாட்டார்களாம். ஆகவே முறுக்கைச் சுட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போகப் போகிறோம். திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே தின்ன வேண்டும். வயது எண்பத்தைந்தானாலும், மாவுக்குக் காரம் சரிபார்க்கிற பொறுப்பு என் மாமியாருடையது!